விளக்கை அணைக்கச் சொன்னவள்

கீழப்பாவூர்
19 ஆகஸ்ட் 2024

நாச்சியாருக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை, அதனால் வெறும் பெயர். மூன்று வருஷம் கழித்து அக்கா கடிதம் போடுகிறாளே என்று ரொம்பத்தான் உருகிவிடாதே. உயிர் போகிற நேரத்தில் அப்பா என் கையைப் பிடித்துக் கன்னிப் பெட்டியின் மேல் வைத்து வாங்கிய சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. "அவகூட இனிமே பேசமாட்டேன்னு சொல்லுட்டி" என்றார். சொன்னேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த வக்கீல் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, உன் கூடப் பிறந்தவள்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக் கன்னி திரும்பி வந்திருக்கிறாள். என் மகளாக வந்திருக்கிறாள்.

நீ சாமைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போன மறுவருஷம் பிறந்தவள் ஸ்மிருதி. நீ பார்த்ததில்லை. போன வெள்ளி, ஆடிக் கடைசி வெள்ளி, வழக்கம்போல் செண்பகம் அத்தைக்குப் படையல் போட்டோம். சர்ச்சுக்குப் போய்ப் போய் இதெல்லாம் உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். அப்பாவின் தங்கச்சி, மூன்று வயதில் போய்ச் சேர்ந்து நம் வீட்டுக் கன்னித் தெய்வமானவள். ஓலைப்பெட்டியைத் திறந்து அவளுடைய சிற்றாடையையும் வளையலையும் வெளியே எடுத்து வைத்தோம். பொங்கலை இலையில் வைத்ததும் எல்லா விளக்கையும் அணைத்தோம். போகும் முன்னால் அவள் கடைசியாகச் சொன்னது "விளக்க அணைங்க" என்பதுதானே. அதனால்தான் நம் வீட்டில் மட்டும் படையல் இருட்டில் நடக்கிறது.

அந்த இருட்டில் உன் அத்தான் போனை எடுத்துப் படம் பிடித்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்மிருதி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கண் வெள்ளையாக எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. மேலகரம் பெரியம்மை, "செண்பகம் வந்துட்டாளே! இதே கண்ணுதாம்டே. அவளுக்கும் இருட்டுல இப்படித்தான் எரியும். நான் பாத்திருக்கேன்லா" என்று கத்திக்கொண்டு பிள்ளையின் காலில் விழுந்துவிட்டாள். எழுபது வயதைத் தாண்டியவள் விழுந்தால் மற்றவர்கள் நிற்க முடியுமா? எல்லாரும் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். பெற்ற பிள்ளையின் காலில் விழும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் சிரிக்கவில்லை, அழவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு பொங்கலைத் தின்றாள்.

அந்தப் படத்தைத் தென்காசியில் கொடுத்துப் பிரிண்ட் போட்டோம். இந்த உறையில் உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். கும்பிட மனசு வராவிட்டால் சும்மாவாவது பார்.

குழல்வாய்மொழி


கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

உனக்கு வராவிட்டாலும் எனக்கு வருகிறது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாம் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நம் வீட்டிலிருந்து கடிதம் வந்தால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

ஸ்மிருதிக்கு அப்படியே உன் மூக்கு. உன்னைப்போலவே உதட்டைச் சுழித்து வைத்திருக்கிறாள். இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிறுத்தினால் நாம் நல்லபடியாக இருந்துவிடலாம். முடியவில்லை அக்கா.

போட்டோவை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த சாம் பார்த்துவிட்டு, "ஒரு கண்ணு செவப்பா மின்னுது, இன்னொண்ணு வெள்ளையா இருக்கே. ரெண்டும் ஒண்ணுபோலத்தான மின்னணும்?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு என்னால் அந்தப் படத்தைப் பார்க்கவே முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

நேற்று இங்கே குழந்தைகள் கண் டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தம்மா படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து, "பிள்ளை எங்கே?" என்று கேட்டார். தூரத்தில் இருக்கிறாள் என்றேன். "ஏன் தூரத்தில் இருக்கிறாள்?" என்றார்.

போட்டோவை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாதாம். ஆனால் கண்ணுக்குள் கட்டி இருந்தால் வெளிச்சம் பட்டதும் இப்படி வெள்ளையாகத் தெரியுமாம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற ஒரு புற்று. சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம், விட்டால் கண்ணிலிருந்து மூளைக்குப் போய்விடும் என்றார். அவளுக்கு மாறுகண் இருக்கிறதா, இடது பக்கம் இருப்பதில் இடித்துக்கொள்கிறாளா என்று கேட்டார். எனக்குத் தெரியாதே அக்கா, நான் அவளைப் பார்த்ததே இல்லையே.

நான் சொல்வது தப்பாகப் போகட்டும். ஆயுசுக்கும் என்னைக் கேலி செய். ஆனால் காட்டிவிட்டு வந்து கேலி செய்.

உன் நாச்சியார்


கீழப்பாவூர்
29 ஆகஸ்ட் 2024

நாச்சியாரு,

உனக்குப் போட்டோ அனுப்பிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊரே கும்பிடுகிற கண்ணில் நீ புற்றைப் பார்த்திருக்கிறாய். இதற்குப் பெயர்தான் கண் வைப்பது. கல்யாணமாகி எட்டு வருஷம் நான் ஏறாத கோயில் இல்லை. பெற்று எடுத்த பிறகும் உன் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷமாக உனக்கு ஒன்றும் தங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வயிற்றெரிச்சலை அங்கேயே வைத்துக்கொள். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு மிளகாய் சுற்றிப் போட்டேன். நெடியே இல்லை. கண் எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கிறது பார்.

கேட்டாயே, சொல்கிறேன். லேசான மாறுகண் இருக்கிறது. அது அதிர்ஷ்டம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடித்துக்கொள்கிறாள், எந்தப் பிள்ளை இடிக்காது? நிலைப்படியில் எப்போதும் இடது தோள்தான் இடிக்கிறது. இடது பக்கம் கன்னி கூடவே வருகிறாள், இருவரும் ஒரே வாசலில் நுழைய இடம் போதவில்லை என்று பெரியம்மை சொல்லுகிறாள். நேற்று ஆளில்லாத அறையில் ஸ்மிருதி தலையைச் சாய்த்து நின்றுகொண்டு, "பாப்பா, வா" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மூலையில் பெட்டி மட்டும்தான் இருந்தது.

செவ்வாய், வெள்ளியானால் ஆட்கள் வருகிறார்கள். குத்துக்கல்வலசையிலிருந்துகூட வந்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு உன் அத்தான் போன் வெளிச்சத்தைக் காட்டுவார், கண் எரியும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இப்போது அதுகூட வேண்டியதில்லை. பகலிலேயே ஒரு பக்கமாகத் திரும்பினால் வெள்ளை தெரிகிறது. சக்தி கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள்.

அடுத்த வாரம் வெள்ளியன்று குற்றாலம் கொண்டுபோகிறோம். எண்ணெய் தேய்த்து அருவியில் நனைத்து, செண்பகத்தின் சிற்றாடையைக் கட்டி அம்மன் சந்நிதியில் நிறுத்தப் போகிறோம். இனி எழுதாதே.

குழல்வாய்மொழி


கோயம்புத்தூர்
2 செப்டம்பர் 2024

அக்கா,

எழுதத்தான் செய்வேன். திட்டுவதற்காகவாவது நீ பிரித்துப் படிப்பாய் என்று தெரியும்.

எனக்கு ஒன்றும் தங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது ஐந்தாம் மாசம். உன்னிடம் இதை இப்படிச் சொல்ல நேரும் என்று நினைக்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன், பிறகு கோபம் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை.

என் நம்பரை நீ எடுக்கமாட்டாய். சாம் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் அத்தான் வைத்துவிட்டார். ஆனால் முந்தாநாள் உன் நம்பரிலிருந்தே எனக்குப் போன் வந்தது. நீ பேசவில்லை. சத்தியம், தெரியும். மூச்சு மட்டும் கேட்டது. நான் அக்கா அக்கா என்று கத்தினேன். பின்னாலிருந்து ஒரு பிள்ளைக் குரல், "பாப்பா, வா" என்றது. என்னையா கூப்பிட்டாள், வேறு யாரையாவது கூப்பிட்டாளா என்று தெரியவில்லை.

செண்பகம் அத்தையைப் பற்றி அப்பா எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். குடித்திருந்தார், அதனால்தான் சொன்னார். அப்போது அவருக்கு ஏழு வயதாம். அத்தைக்கு முதலில் கண் எரிந்ததாம். ஊரே வந்து பார்த்ததாம். பிறகு அந்தக் கண் வீங்கி வெளியே தள்ளிவிட்டது. அதனால்தான் அவளுக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பகலெல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாளாம். சிம்னி விளக்கைக் கொண்டுபோனால் வீறிட்டு அழுவாளாம். "விளக்க அணைங்க, விளக்க அணைங்க" என்று சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

டாக்டரிடம் கேட்டேன். கண்ணுக்குள் கட்டி முற்றினால் அழுத்தம் ஏறி வெளிச்சம் பட்டாலே வலிக்கும் என்றார்.

அவள் அருள்வாக்கு சொல்லவில்லை அக்கா. வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை அப்படித்தான் சொல்லத் தெரிந்தது. அதை நாம் பூசையாக்கி, வருஷா வருஷம் இருட்டில் உட்கார்ந்து பொங்கல் தின்றிருக்கிறோம். இப்போது அதே கண்ணில் செவ்வாய் வெள்ளிதோறும் வெளிச்சம் அடிக்கிறீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பெரியம்மையிடம் கேள். கடைசியில் செண்பகத்தின் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேள்.

நாச்சியார்


கீழப்பாவூர்
7 செப்டம்பர் 2024

நாச்சியார்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பெரியம்மையிடம் கேட்டேன். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அதெல்லாம் இப்ப என்னத்துக்குட்டி கேக்க" என்றாள்.

அப்படியும் நான் குற்றாலத்துக்குப் போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை நம்பினால் என் பிள்ளையைச் சாகக் கொடுத்ததுபோல் இருந்தது. பெரியம்மையை நம்பினால் அவள் சாமி. நீயாக இருந்தால் எதை நம்புவாய்?

ஐந்தருவிப் பக்கம் ஒரு கல்லில் உட்கார வைத்து நானே எண்ணெய் தேய்த்தேன். துள்ளினாள். வலது கண்ணில் எண்ணெய் வழிந்துவிட்டது. எரிச்சலில் அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இடது கண் நன்றாகத் திறந்திருந்தது, நல்ல வெயில், அந்த வெள்ளை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் முகத்துக்கு நேராக என் முகம். மூச்சுக் காற்று படுகிற தூரம். அந்தக் கண்ணால் என்னை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே, "இருட்டா இருக்கு. அம்மா எங்க? அம்மா எங்க?" என்று கையால் துழாவினாள்.

இங்கனதாம்ட்டி இருக்கேன் என்று சொல்ல நினைத்தேன். துழாவிய கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ஊரே விழுந்து கும்பிட்ட கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. என் பிள்ளை பாதி இருட்டில் நடந்திருக்கிறாள், நான் அவள் பக்கத்தில் கன்னி நடக்கிறாள் என்று வழி விட்டிருக்கிறேன்.

துண்டால் துடைத்துத் தூக்கிக்கொண்டு எண்ணெய்த் தலையோடு தென்காசிக்கு வந்தேன். உன் அத்தான் பின்னாலேயே, "சந்நிதிக்குப் போவாண்டாமா, சந்நிதிக்குப் போவாண்டாமா" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கண் டாக்டர் அறையை இருட்டாக்கி ஒரு சின்ன விளக்கைக் காட்டினார். கண் எரிந்தது. பழக்கதோஷத்தில் உன் அத்தான் கை கூப்பிவிட்டார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு, "இன்னைக்கே மதுரைக்குக் கெளம்புங்க" என்றார்.

பணம் புரட்ட இன்று ஒரு நாள் ஆகிவிட்டது, நாளை காலை பஸ். பெரிய கண் ஆஸ்பத்திரி. ஐந்து மாச வயிற்றோடு அலைய வேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் அங்கே இருப்போம்.

அக்கா


கோயம்புத்தூர்
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

மதுரையிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நமக்காக அலைந்த சாமைப் போல ஒரு நல்ல பிள்ளையைப் பெற்றதற்கு அவருடைய அம்மாவுக்குக் கடிதம் போட வேண்டும் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். மனுஷர் வெட்கப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

மதுரையில் நடந்தது எதுவும் இன்னும் எனக்குள் இறங்கவில்லை. நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இடது கண் முழுவதும் நிறைந்துவிட்டது, கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அத்தான் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். கையெழுத்துப் போடும் காகிதம் உன் மடியில் கிடந்தது.

அப்போதுதான் பேசினாய். "ஏட்டி நாச்சியாரு, நீ சொல்லு. சாமி கண்ணப் புடுங்கச் சொல்லி நான் கையெழுத்துப் போடவா?"

போடு என்று நான் சொன்னதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு சுலபமாக எப்படிச் சொன்னேன்? உன் பிள்ளையின் கண் அக்கா. நீ என்னை அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவள் கட்டுப் போட்ட பக்கமாகத் தலையைச் சாய்த்து, "பாப்பா போய்ட்டா" என்றாளே, அதை நீ கேட்டாயா? நீ அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாயோ என்னவோ. மயக்க மருந்தின் உளறல் என்று நர்ஸ் சொன்னாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அன்றிலிருந்து இருட்டில் கண்ணாடி முன்னால் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்ததும் சொல்.

உன் நாச்சியார்


கீழப்பாவூர்
12 அக்டோபர் 2024

அன்புள்ள நாச்சியாருக்கு,

தினமும் போனில்தான் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதை வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். நீயும் நடுவில் புகுந்து ஆறுதல் சொல்வாய். உன் ஆறுதல் எனக்கு வேண்டாம், நீ முழுதாகக் கேட்க வேண்டும்.

முதலில் நல்லது. எடுத்த கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நரம்பின் நுனி சுத்தமாக இருக்கிறது, மூளைப் பக்கம் போகவில்லை. வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இனி மாசா மாசம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புண் ஆறியதும் செயற்கைக் கண் வைப்பார்கள். ஸ்மிருதி இப்போதே ஓட ஆரம்பித்துவிட்டாள். கட்டைத் தொட்டுப் பார்த்து "கண்ணு தூங்குது" என்கிறாள். வெள்ளிக்கிழமை வந்தவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஒருத்தி, கன்னியின் கண்ணைப் பிடுங்கியவள் என்று என் காதுபடச் சொன்னாள். ஆமாம், பிடுங்கியவள்தான், அதனால்தான் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இனி நான் சொல்ல வந்தது. முடிவு வாங்கப் போனபோது டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். செண்பகத்தைச் சொன்னேன். உடனே என்னையும் உன் அத்தானையும் உட்கார வைத்துச் சொட்டு மருந்து விட்டுக் கண்களைப் பார்த்தார். உன் அத்தானுக்கு ஒன்றுமில்லை. என் வலது கண்ணுக்குள் மட்டும் வெகுநேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரும் பார்த்தார்.

எனக்கும் வந்திருக்கிறது நாச்சியார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதே கட்டி வந்து, வளராமல் தானாகவே வறண்டு போயிருக்கிறது. தழும்பு இருக்கிறது. ரொம்ப அபூர்வமாக நடக்குமாம். "நீங்க தப்பிச்சிருக்கீங்கம்மா" என்றார். பிள்ளைக்கு நான்தான் கொடுத்திருக்கிறேன். எனக்கு அப்பா கொடுத்திருக்கிறார், அவருக்கு வெளியே தெரியவே இல்லை. உன்னை வயிற்றெரிச்சல்காரி என்று எழுதினேனே. கண் வைத்தவள் நானாம், என் ரத்தமாம்.

வீட்டுக்கு வந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தழும்பு இருக்கிற அந்த வலது கண்ணால் ஸ்மிருதியைப் பார்த்தேன். கட்டு தெரிகிறது, பாவாடை தெரிகிறது, கைகால் தெரிகிறது. நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இருட்டு நிற்கிறது. சின்னப் பிள்ளைத் தலை அளவு இருட்டு. முப்பத்தைந்து வருஷமாக அது எனக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. நான் அசைந்தால் அதுவும் அசைகிறது. அதற்குப் பெயர் தழும்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு தடவை "செண்பகம்" என்று மெல்லக் கூப்பிட்டேன். அவளிடம் வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

உன் கண்ணையும் காட்டு. இந்த வாரமே காட்டு. அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதே, கண்ணில் தெரியாமலேயே ரத்தத்தில் இருக்கலாமாம், அப்பாவுக்கு இருந்ததுபோல. ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்புகிறேன். தை மாசம் உனக்குப் பிள்ளை பிறந்ததும் யார் சாயல் என்று எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், கொஞ்சுவார்கள். யாரையும் கொஞ்ச விடாதே, முதலில் கண் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு. அவர் குனிந்து பார்க்கும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். செண்பகத்தின் சாயல் அதற்கும் இருந்துவிட்டால் கும்பிட்டுக்கொண்டு நிற்கமாட்டேன், தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

அக்கா